குழந்தைக்கு உரிமை இருக்கிறது, சரி. அதை யாரிடம் போய்க் கேட்பது?

போன ஜூன் மாதம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. ஏழாம் வகுப்பு முடித்த மகனைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். சீட்டில் 14,000 என்று பாக்கித் தொகையை எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். "பாக்கியைக் கட்டினாத்தான் டி.சி.ங்கிறாங்க தம்பி. டி.சி. இல்லாம அங்க சேர்க்க மாட்டாங்களாம்" என்றார். காதைப் பார்த்தேன், வேப்பங்குச்சி. கம்மல் அடகுக்கடைக்குப் போய், ஏழாயிரம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

டி.சி.க்காக அந்தக் கம்மலைக் கழற்றியிருக்கவே வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 5-ஆம் பிரிவு: வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குப் பழைய பள்ளித் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், அது வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் இதுதான் சட்டம். டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அதில் 'கட்டணம் பாக்கி' என்று எழுதவும் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாக்கி பாக்கிதான், இல்லை என்று சொல்லவில்லை, பள்ளி அதைப் பெற்றோரிடம் சட்டப்படி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் பையனைப் பணயம் வைக்க முடியாது.

இந்த மாதிரி மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் சில வருடமாக இருப்பதால் ஒன்று எனக்குப் புரிந்திருக்கிறது. நம் ஆட்களுக்கு உரிமை என்ற சொல் தெரியாமல் இல்லை. மேடையில் கேட்டிருக்கிறோம், பாடப்புத்தகத்தில் படித்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். தெரியாதது என்னவென்றால், ஒவ்வொரு உரிமைக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அதைச் செய்து தருவது அவருடைய கடமை, பல நேரம் அதற்கு நாள் கணக்கும் உண்டு. அந்த ஆள் யார், எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்ற இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்காவிட்டால் "ஐயா பார்த்துச் செய்யுங்க" என்று கெஞ்சிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

முதலில் கொஞ்சம் அடிப்படை, சுருக்கமாக

மனித உரிமை என்று நாம் இன்று சொல்வதற்கு உலக அளவில் ஒரு பட்டியல் போட்டது 1948 டிசம்பர் 10 அன்று, பாரிஸில், ஐ.நா. பொதுச் சபையில். மொத்தம் 30 உறுப்புகள். அதன் முதல் உறுப்பில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த வரியை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் சார்பில் போன ஹன்சா மேத்தா, இது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில் இருப்பதில் பெரும்பகுதி நம் அரசியலமைப்பிலும் இருக்கிறது: சட்டத்தின் முன் சமம் (14), தீண்டாமை ஒழிப்பு (17), உயிரும் சுதந்திரமும் (21), கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படுவது (22), கொத்தடிமை வேலைக்குத் தடை (23).

அப்படியானால் குழந்தைக்குத் தனியாக எதற்கு? குழந்தையும் மனிதன்தானே? ஆமாம், ஆனால் குழந்தைக்கு ஓட்டு இல்லை, தனியாக அலுவலகம் ஏறி இறங்க முடியாது, வழக்குப் போட்டாலும் ஒரு பெரியவர் வழியாகத்தான் போட வேண்டும், சில நேரம் அந்தப் பெரியவரே பிரச்சினையாக இருப்பார். அதற்காகத்தான் 1989 நவம்பர் 20 அன்று குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. ஏற்றது. இந்தியா அதில் 1992-இல் சேர்ந்தது. 54 உறுப்புகள் கொண்ட அதைத் தாங்குவது நான்கு தூண்கள். எந்தக் குழந்தையையும் பாகுபடுத்தக் கூடாது. எந்த முடிவிலும் குழந்தையின் நலனுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். உயிர் வாழவும் வளரவும் வழி வேண்டும். தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் நாம் எல்லோரும் வழுக்குகிறோம். "சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும், பெரியவங்க பேசறப்போ குறுக்கே பேசாதே." பள்ளி மாற்றினோமே, அந்த அக்கா உட்பட, நான் உட்பட, பையனிடம் யாரும் கேட்கவில்லை. மனு எழுதி முடித்த பிறகுதான் கேட்டேன். அவனுக்குப் பெரிய கவலை டி.சி. இல்லை, புதுப் பள்ளியில் கபடி டீம் உண்டா என்பதுதான்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்." இதை ஆசிரியரிடம் பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அடியாத மாடு படியாது என்று பழமொழி வேறு துணைக்கு வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மன உளைச்சல் என்றால் வெயிலில் முட்டி போடவைப்பது மட்டும் இல்லை, கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்கவைப்பது, சாதியைச் சொல்லிக் கூப்பிடுவது, கழிவறை கழுவச் சொல்வது எல்லாம் பிள்ளையின் மனதை உடைக்கிற வேலைதான். அடிக்கலாம் என்று அப்பா அனுமதி கொடுத்தாலும் அந்த அனுமதிக்கு மதிப்பில்லை. உரிமை குழந்தையுடையது, அப்பாவின் சொத்து இல்லை, எழுதிக் கொடுத்துவிட. வேலைக்கு அனுப்புவதிலும் கல்யாணம் செய்து வைப்பதிலும் இதே கதைதான்: "நாங்களே சம்மதிச்சிட்டோம், உங்களுக்கு என்ன" என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை.

பள்ளிச் சேர்க்கையில் இன்னும் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது (14-ஆம் பிரிவு). ஆதார் இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது, இதை 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. குழந்தைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை. ஒன்றை மறக்க வேண்டாம்: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் தீர்ப்பு வந்துவிட்டது. அதைத் தெரியாமல் போய்ச் சண்டை போட்டு மூக்குடைந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வயதுக் குழப்பம்

எல்லோரும் குழம்புகிற இடம் இது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 6 முதல் 14. வேலைக்கு, 14 வரை முழுத் தடை, 14-இலிருந்து 18 வரை சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலைகளுக்குத் தடை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ, இளைஞர் நீதிச் சட்டம் இரண்டுக்கும் 18 வயது நிறையும்வரை எல்லோரும் குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும். திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஆக, "பதினைஞ்சு வயசு ஆயிடுச்சு, இனி அவன் குழந்தை இல்லை" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின்படி என்று திருப்பிக் கேளுங்கள்.

டீக்கடைப் பையன்

வேலை விஷயத்தில் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, பன்னிரண்டு வயதிருக்கும் பையன் கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கிறான். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி வெளுத்திருக்கிறது. கேட்டால் கடைக்காரர், "நம்ம அண்ணன் பையன்தான் சார், சும்மா ஒத்தாசைக்கு" என்பார். இங்கே சட்டத்தில் ஒரு ஓட்டை நிஜமாகவே இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம், குடும்பம் என்பதில் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை, சித்தி வரைக்கும் வருகிறார்கள். எனக்கு இந்தத் திருத்தம் பிடிக்கவே இல்லை, கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த வேலை. ஆனால் அந்த விலக்குக்கும் நிபந்தனை உண்டு: பள்ளி நேரத்துக்குப் பிறகு அல்லது விடுமுறையில் மட்டும்தான். அதனால் உறவு முறையைத் தோண்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு அந்தப் பையன் வகுப்பில் இருக்க வேண்டும், சித்தப்பா கடையாகவே இருந்தாலும்.

14-க்கு மேல் 18-க்குள் உள்ளவர்களை ஆபத்தில்லாத வேலையில் வைக்கலாம், ஆனால் இடைவேளை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் முழு விடுமுறை. ஜவுளிக்கடையில் தீபாவளி நேரத்தில் ராத்திரி பத்து மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருக்கும் பதினாறு வயதுப் பெண்ணை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அவளிடமே பேரம் பேசியும் இருக்கிறோம்.

பதினான்குக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் வேலை பார்த்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தப் பிள்ளையின் மறுவாழ்வு நிதிக்குப் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் ஊரிலிருந்து போன வழக்கு நாடு முழுமைக்கும் வழிகாட்டியது.

சரி, நீங்கள் என்ன செய்வது? கடைக்காரரிடம் சத்தம் போடாதீர்கள். போட்டால் அடுத்த நாள் பையன் அங்கே இருக்க மாட்டான், வேறு கடையில், இன்னும் உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருப்பான். டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் அடியுங்கள். இலவசம், 24 மணி நேரமும். கடை எங்கே, எதிரே என்ன அடையாளம், எத்தனை பிள்ளைகள், தோராயமாக என்ன வயது, எந்த நேரத்தில் போனால் பார்க்கலாம், இவ்வளவு போதும். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், அடையாளம் தெரியும்படி அந்தப் பிள்ளையின் படத்தைப் பரப்புவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். நல்லது செய்யப் போய் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள், அது கூடப் பரவாயில்லை, அந்தப் பையன் மொத்த ஊருக்கும் காட்சிப்பொருளாகிவிடுவான்.

மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று முடிவு செய்வது அவர்கள்தான், போலீஸ் இல்லை.

சொல்லக் கூசுகிற விஷயம்

ஒரு குழந்தை உங்களிடம் வந்து, இன்னார் என்னை இப்படித் தொட்டார் என்று சொன்னால், முதல் ஐந்து நிமிடம்தான் முக்கியம். "நிஜமாவா? நீ ஏன் அங்க போனே?" என்று கேட்டுவிட்டீர்களானால் அது மறுபடி வாய் திறக்காது. கேளுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள், அதன்மேல் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், சித்தி, பாட்டி, எதிர்வீட்டு அத்தை என்று ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். அன்றைக்கே நடந்ததென்றால் குளிப்பாட்ட வேண்டாம், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் எடுத்து வையுங்கள்.

அப்புறம் மருத்துவமனை. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வாருங்கள் என்று எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பக் கூடாது. பாலியல் தாக்குதலுக்கு ஆளான குழந்தைக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். காவல் துறையைப் பொறுத்தவரை, குழந்தை ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்கு, அல்லது குழந்தை சொல்கிற இடத்துக்கு அவர்கள் வர வேண்டும், முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். ராத்திரி ஸ்டேஷனில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். "இது போக்சோ சட்டம் 24-ஆம் பிரிவு, நீங்கதான் வரணும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பது, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் மூடி மறைப்பது, இரண்டுமே குற்றம்தான். விஷயம் தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை.

குழந்தைத் திருமணம் என்றால் 1098-க்கோ மாவட்ட சமூக நல அலுவலருக்கோ சொல்லலாம், முகூர்த்தத்துக்கு முன்னால் சொன்னால் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்க வழியிருக்கிறது, தடையை மீறி நடந்த கல்யாணம் செல்லவே செல்லாது. பத்திரிகை அடித்துவிட்டார்கள், பந்தக்கால் நட்டுவிட்டார்கள் என்று தயங்க வேண்டாம். அந்தப் பெண்ணே போன் செய்யலாம், பல இடங்களில் தோழிதான் செய்கிறாள்.

பதினெட்டுக்குக் கீழே உள்ள பையனைப் போலீஸ் பிடித்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானச் சான்று கேட்காமலே சட்ட உதவி உண்டு.

எழுத்தில் கொடுங்கள்

வாய்வார்த்தையாகச் சொன்னது காற்றோடு போய்விடும். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது:

"பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். பொருள்: என் மகனை எட்டாம் வகுப்பில் சேர்ப்பது தொடர்பாக. ஐயா, என் மகன் ஏழாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தான். அங்கே டி.சி. தரத் தாமதம் செய்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-இன்படி டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்பதால், அவனை இன்றே சேர்த்துக்கொள்ளும்படியும், சேர்க்க இயலாது என்றால் அதற்கான காரணத்தை எழுத்துபூர்வமாகத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிதான் உயிர்நாடி. முடியாது என்று வாயால் சொல்வது எளிது, பேனா பிடித்து எழுதிக் கையெழுத்துப் போடுவது யாருக்கும் கஷ்டம். இரண்டு நகல் கொண்டுபோங்கள், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அதையே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சேர்த்த பிறகு, மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில் பையனின் பெயரைப் பழைய பள்ளி விடுவிக்க வேண்டியிருக்கும். அங்கேயும் இழுத்தடித்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு இன்னொரு மனு, கூடவே 14417 கல்வி உதவி எண்ணில் ஒரு புகார்.

அதற்கும் அசையாவிட்டால்? கல்வி உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அதிகாரிக்குக் கொடுத்த புகாருக்கு மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும், அதில் திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் எப்போதும் இருக்கிறது. மனு கொடுத்து ஒரு மாதம் சத்தமே இல்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்ன தேதியில் நான் கொடுத்த மனு இப்போது எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை? 30 நாளில் பதில் வர வேண்டும். பெரும்பாலும் பதில் வருவதற்கு முன்னால் வேலையே நடந்துவிடும், அது என் அனுபவம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். ஆனால் அது அரசு ஊழியர் செய்த, அல்லது செய்யத் தவறிய விஷயத்துக்கு. வீட்டு ஓனர் அட்வான்ஸ் திருப்பித் தரவில்லை என்பதை அங்கே எழுதி ஸ்டாம்ப்பை வீணாக்காதீர்கள்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். தலைமையாசிரியர் மனுவை இரண்டு முறை படித்தார், அந்தக் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு முத்திரை போட்டுப் பையனை உள்ளே போகச் சொன்னார். நல்ல மனிதர், அவருக்கும் அந்தப் பிரிவு தெரியாது, அவ்வளவுதான். டி.சி. செப்டம்பரில்தான் வந்தது. கம்மல் இன்னும் அடகில் இருக்கிறது. கபடி டீம் உண்டு.